வாசலில் ஸ்மைலி ஒட்டியிருந்தால் உள்ளே போகலாமா?

4 மே 2025, கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்)

லண்டன் ஈஸ்ட் ஹாம்ல இருக்கிற எங்க அக்கா, கடை வாசல்ல ‘5’னு ஸ்டிக்கர் இருந்தாத்தான் உள்ளேயே போவாங்களாம். நம்ம எம்.சி. ரோடு, மின்ட், காசிமேடு பக்கம் எல்லா ஓட்டலுக்கும் பார்சல் கடைக்கும் அதே மாதிரி ஒரு நம்பர் ஒட்டிட்டா பிரச்சினை தீர்ந்துது இல்லையா? இங்கேயும் ஏதோ ஸ்மைலி இருக்குன்றாங்க. என் கண்ணுல ஒண்ணும் படல. இருந்தா நம்பலாமா, இல்லாட்டி பயப்படணுமா?

4 மே, இரவு

இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. நடத்தும் சுகாதார மதிப்பீடு. ஒன்று முதல் ஐந்து ஸ்மைலி வரை. ஆனால் கட்டாயம் கிடையாது. கடைக்காரரே விண்ணப்பித்து, அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனத்தை வரவழைத்து, செலவையும் அவரே ஏற்க வேண்டும். ஆகவே ஒரு கடையில் ஸ்மைலி இல்லை என்றால் அவர் விண்ணப்பிக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். அழுக்கு என்றும் சொல்ல முடியாது, சுத்தம் என்றும் சொல்ல முடியாது.

ஒட்டியிருந்தால் முகத்தை எண்ணுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள்: தேதி, முகவரி. மதிப்பீடு ஒரு சமையற்கட்டுக்கு உரியது, பெயர்ப் பலகைக்கு அல்ல. அண்ணா நகர் கிளைக்கு வாங்கிய சான்றை நகல் எடுத்துத் தண்டையார்பேட்டை கல்லாவுக்குப் பின்னால் மாட்டினால் அது சாமி படத்துக்குச் சமம்.

5 மே

லண்டன் எண்ணைப் பற்றி. அது வேறு கணக்கு, தெரிந்துகொள்வது நல்லது.

2010இல் வந்த, உணவுக் கடைகளின் சுத்தத்துக்கு எண் கொடுக்கும் திட்டம். சோதிப்பவர் உள்ளாட்சி அதிகாரி, சொல்லாமல் வருவார், கடைக்காரர் காசு கொடுப்பதில்லை. மூன்று தலைப்பு. உணவைக் கையாளும் விதத்துக்கு 0 முதல் 25, கட்டடம், கழுவுமிடம், காற்றோட்டம் இதற்கெல்லாம் 0 முதல் 25, ‘இந்த நிர்வாகத்தை நம்பலாமா’ என்பதற்கு 0 முதல் 30. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. முட்டை வாங்குகிறவன்தான் அங்கே முதல் மாணவன்.

மொத்தம் 15க்குள் இருந்து, எந்தத் தலைப்பிலும் 5ஐத் தாண்டாவிட்டால் வாசலில் 5. மொத்தம் 20, தனித்தனியே 10க்குள் என்றால் 4. 25, 30 என்றால் 3, அதற்கும் தனித்தலைப்பில் 10தான் எல்லை. 35, 40 என்றால் 2 (தனித்தலைப்பு 15 வரை). 45, 50 என்றால் 1 (20 வரை). அதற்கு மேல் போனால் பூஜ்யம்.

இதில் உள்ள சூட்சுமம் அந்தத் தனித்தலைப்பு எல்லைதான். புது டைல்ஸ், பளபள ஸ்டீல், சமையலும் சுத்தம்: முதல் இரண்டு தலைப்பிலும் 0. ஆனால் எழுத்துப்பூர்வமாக ஒரு பதிவும் இல்லை, ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரி என்று கேட்டால் மாஸ்டருக்கும் தெரியவில்லை, முதலாளிக்கும் தெரியவில்லை. மூன்றாவதில் 20 விழுகிறது. மொத்தம் 20தானே, 4 வர வேண்டும் என்று தோன்றும். வராது. ஒற்றைத் தலைப்பில் 20 இருப்பதால் நேராக 1க்கு இறங்கும். இன்றைக்குச் சுத்தமாக இருக்கிறாயே, நாளைக்கும் இருப்பாயா என்பதுதான் அந்த மூன்றாவது கேள்வி.

5 மே, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. அந்த ஸ்டிக்கரை ஒட்டுவது வேல்ஸில் 2013 முதலும் வட அயர்லாந்தில் 2016 முதலும் கட்டாயம். இங்கிலாந்தில், அதாவது உங்கள் அக்கா இருக்கும் ஊரில், ஒட்டாமலே இருக்கலாம். ஸ்காட்லாந்தில் எண்ணே கிடையாது. தேறியது, திருந்த வேண்டியது என்று இரண்டே சான்று. ஆனால் இங்கிலாந்தில் ஒட்டாத கடையின் எண்ணும் அரசு இணையதளத்தில் இருக்கும். ஈஸ்ட் ஹாமில் ஸ்டிக்கர் இல்லாத கடை எதையோ மறைக்கிறது என்று ஊகிக்கலாம். மின்ட் தெருவில் அந்த ஊகம் செல்லாது.

டென்மார்க் 2001இலேயே ஸ்மைலி கொண்டுவந்தது. அங்கே முகத்தோடு சோதனை அறிக்கையையும் வாசலில் மாட்ட வேண்டும். நமக்குத் தேவை அந்த அறிக்கைதான்.

7 மே

“சரி, இங்கே எதைப் பார்த்து நம்புறது?” என்று ராயபுரத்திலிருந்து ஒருவர்.

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் பதினான்கு இலக்க எண். உணவு விற்கும் எல்லாரிடமும் இருக்க வேண்டியது. 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அச்சிட வேண்டும். ஆப்பில் வாங்கினால் கடைப் பக்கத்தின் அடிமட்டத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். (மேலே உள்ள நட்சத்திரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ருசிக்கும், பையன் சீக்கிரம் வந்ததற்கும், கூட ஒரு முட்டை வைத்ததற்கும் சேர்த்து விழும் ஓட்டு.)

படிக்கும் முறை: முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் வெறும் பதிவு. அடுத்த இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. அதற்கடுத்த இரண்டும் வழங்கிய ஆண்டு. 12419 என்று தொடங்கினால் 2019இல் தமிழ்நாட்டில் வாங்கிய உரிமம். 22423 என்றால் 2023இல் செய்த பதிவு. முழு எண்ணையும் ஃபாஸ்காஸ் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் உரிம இணையதளம்) தளத்தில் போட்டால் பெயர், முகவரி, இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பது வரும். முகவரி பொருந்தாவிட்டால் அந்த எண் வேறு யாருடையதோ, அல்லது கடை இடம் மாறியும் புதுப்பிக்கவில்லை.

முடிந்தால் அடுப்பு தெரிகிற கடைக்குப் போங்கள். அதற்கு மேல் சான்று தேவையில்லை.

8 மே

திருத்தம்: மத்திய உரிமம் வைத்திருக்கும் பெரிய சங்கிலிக் கடைகளுக்கு மாநில எண் இடத்தில் 00 இருக்கும், எண் 100 என்று தொடங்கும். அது போலி இல்லை. நேற்றைய என் குறிப்பைப் படித்துவிட்டுப் போய் யாருடனும் மல்லுக்கட்ட வேண்டாம்.

9 மே

பதிவுக்கும் உரிமத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டிருக்கிறார்கள். 2025 மே மாத விதிப்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை பதிவு, வருடத்துக்கு 100 ரூபாய். அதற்கு மேல் 20 கோடி வரை மாநில உரிமம், ஓட்டலுக்கு வருடம் 2,000. 12 லட்சம் என்றால் பெரிய தொகையாகத் தெரியும். 365ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 3,300 ரூபாய். பிளேட் 120 என்று வைத்தால் 27 பிளேட் பிரியாணி. மதியம் ஒரு மணிக்குள் தேக்சா (பிரியாணி அண்டா) காலியாகும் நடைபாதைக் கடை எதுவும் 27 பிளேட்டில் நிற்பதில்லை. அங்கே எண் 2இல் தொடங்கியிருந்தால் அந்த விதிப்படி என்ன நடந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

1,900 ரூபாய் மிச்சம் பிடிப்பது மட்டும் இல்லை இது. பதிவுக் கடையை அளக்கும் கோல் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம விதிகளின் அட்டவணை 4இன் முதல் பகுதி. அடிப்படைச் சுத்தம் அவ்வளவுதான். உரிமக் கடைக்கு அதே அட்டவணையின் இரண்டாம் பகுதியும் சமையற்கூடத்துக்கான ஐந்தாம் பகுதியும் சேரும்: பணியாளருக்கு ஆண்டுதோறும் மருத்துவச் சான்று, டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி, வெப்பநிலைப் பதிவு எல்லாம். 25 பணியாளருக்கு ஒருவர் ஃபோஸ்டாக் என்ற எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த மேற்பார்வையாளராக இருக்க வேண்டும் என்பதும் உண்டு.

11 மே

7ஆம் தேதி ‘அடுப்பு தெரிந்தால் போதும்’ என்று எழுதியது பாதிதான் சரி. யோசித்துப் பார்த்தால் பாதிகூட இல்லை.

அடுப்பு தெரிந்தால் டைல்ஸ் தெரியும், தொப்பி தெரியும், எலி ஓடினால் தெரியும். தெரியாதவை இரண்டு: சூடும் நேரமும். ஆளைப் படுக்கப் போடுவது பெரும்பாலும் அந்த இரண்டும்தான்.

தேக்சாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினொன்றரைக்குத் தம் உடைக்கும்போது நடுவில் 85, 90 டிகிரி இருக்கும். அப்போது பயமே இல்லை. 60க்கு மேல் இருக்கிறவரை கிருமி பெருகாது. அளவு குறையக் குறைய சூடு பிடித்துவைக்கும் நிறை குறைகிறது, மூடி திறந்து திறந்து மூடப்படுகிறது, ஓரத்துச் சோறு முதலில் ஆறுகிறது. கால் பங்கு மிச்சம் இருக்கும் மூன்று மணி வாக்கில் ஓரத்தில் 45, நடுவில் 55 என்று நிற்கும். சாப்பிடுகிறவர் நாக்குக்கு அது ‘சூடாத்தான் இருக்கு’.

அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து வேகவைத்தாலும் சாகாது. இந்த வெதுவெதுப்பு கிடைத்ததும் முளைத்துப் பெருகி நஞ்சு உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் தாங்கும். மறுநாள் மதியம் புதுச் சோற்றோடு கலந்து ஆவி பறக்கச் சூடாக்கினாலும் பாக்டீரியாதான் சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். ‘நல்லா கொதிக்க வெச்சுட்டேன்’ என்று மாஸ்டர் சொல்வது உண்மைதான், பயன் இல்லை.

செய்ய வேண்டியது: தேக்சாவில் நாலு இடத்தில் தெர்மாமீட்டர் குத்தவும்: நடு, அடி, இரண்டு ஓரம். எங்காவது 60க்குக் கீழே போனால் அந்த நேரத்தைச் சுவரில் எழுதவும். இரண்டு மணி நேரத்துக்குள் விற்கவும், அல்லது நடுப்பகுதி 75 தொடும்படி மறுபடி சூடாக்கவும். நாலு மணி நேரம் தாண்டினால் குப்பை. மிச்சத்தை எடுத்துவைப்பதாக இருந்தால், சூடு இருக்கும்போதே 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் தட்டுகளில் பரப்பி, 60லிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்தில், அங்கிருந்து 5க்கு அடுத்த நாலு மணி நேரத்தில் இறக்க வேண்டும். குண்டானோடு ஃபிரிட்ஜுக்குள் தள்ளினால் காலையிலும் நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும், பக்கத்தில் இருக்கும் பாலையும் சேர்த்துக் கெடுக்கும்.

11 மே, இரவு

“இன்னா தலைவரே, பிரியாணியையே புடிங்கிட்டியா?” என்று வியாசர்பாடியிலிருந்து.

இல்லை. பன்னிரண்டு மணிக்குப் போங்கள், நாலு மணிக்குப் போகாதீர்கள். கூட்டம் நெரிகிற கடையில் தேக்சாவுக்கு ஆறுவதற்கே நேரம் கிடைப்பதில்லை. அந்த வகையில் கூட்டமும் ஒரு சான்றுதான், எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடாத சான்று.

14 மே

டிபன் கடை. எல்லாரும் மாவைப் பற்றியே கேட்கிறார்கள். மாவு புளித்தது; அந்தப் புளிப்பில் பெரும்பாலான கெட்ட கிருமிக்கு வேலை இல்லை, மேலே பத்து நிமிடம் ஆவியிலும் வேகிறது. இட்லியால் கெடுதல் வருவது அபூர்வம். பழி அதன் பக்கத்தில் இருக்கிறது.

தேங்காய்ச் சட்னியில் வேகாத தேங்காய், வேகாத தண்ணீர், மிக்சி ஜாரின் அடி ரப்பரில் நேற்றைய மிச்சம், வழிக்கிற கை, நாலும் சேர்கின்றன. புளிப்பு இல்லை. தாளிப்பு மேலாக நாலு நொடி சுடும், அவ்வளவுதான். சென்னை மே மாதத்தில் அடுப்படியில் 38 டிகிரி. ஏழு மணிக்கு அரைத்தது பத்தரைக்கும் அதே பக்கெட்டில்.

அதைவிட மோசம் ஊற்றி நிரப்புவது. பக்கெட் அடியில் ஒரு கரண்டி இருக்கும்போதே மேலே புதுச் சட்னியை ஊற்றுவார்கள், கெட்டியாக இருந்தால் கேன் தண்ணீரும். பாலுக்கு உறை ஊற்றுகிற வேலையேதான் இது. காலைக் கிருமி பத்து மணிச் சட்னிக்கு உறையாகிறது. சின்னச் சின்னப் பாத்திரம் வைத்து, காலியானதும் பாத்திரத்தோடு மாற்ற வேண்டும். ஒரு அரைப்பு இரண்டு மணி நேரம். கலக்கும் தண்ணீர் கொதித்து ஆறியது. சாம்பாருக்கு இந்தத் தொல்லை குறைவு, அடியில் சிறு தீ இருக்கும்வரை.

14 மே, பின்குறிப்பு

கேன் தண்ணீர் என்று எழுதியதும் இரண்டு பேர் பொங்கிவிட்டார்கள். “மெட்ரோ வாட்டர்தான் நாறும், கேன் சுத்தம்.” நாற்றம் என்று நீங்கள் சொல்வதில் பாதி குளோரின் வாசனை, அது உங்கள் காவல்காரன். குழாய்த் தண்ணீரில் குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை 10500. ஆர்.ஓ. செய்த கேன் தண்ணீரில் அது இல்லை. ஆலையை விட்டுக் கிளம்பும்போது சுத்தமாக இருக்கலாம். மூடியைப் பிய்த்து, குழாய் கழுவாத டிஸ்பென்சரில் கவிழ்த்து மூன்று நாள் வைத்தால் தடுக்க ஆள் இல்லை. குவளையை விட்டு மொள்ளும் கடையில் முதல் நாளே முடிந்தது கதை.

நம் பக்கத்து உண்மையான சிக்கல் இடையில் இருக்கும் சம்ப்பும் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) மாடித் தொட்டியும். சாக்கடைக் குழாய் பக்கத்தில் ஓடும் பழைய சம்ப்பில் கசிவு வந்தால் குளோரின் மணிக்கணக்கில் தீர்ந்துவிடும். குளோரோஸ்கோப் என்ற சின்னப் பெட்டி கிடைக்கிறது. குழாயில் நிரப்பி இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் வரும். வராவிட்டால் குளோரின் இல்லை. கடையின் கடைசிக் குழாயில் பார்க்க வேண்டும், தெருக் குழாயில் அல்ல.

ஓட்டலுக்கான சோதனைப் பட்டியலில் பெரும்பாலான கேள்விக்கு 2 மதிப்பெண், நட்சத்திரக் குறியிட்டதற்கு 4. தண்ணீர் நட்சத்திரக் கேள்வி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகச் சோதனைச் சீட்டு கேட்பார்கள். மற்றதெல்லாம் முழுசாக வாங்கினாலும் இதில் கோட்டை விட்டால் கவிழ வாய்ப்பு உண்டு.

15 மே

தட்டு கழுவும் மூன்று வாளி முறை கேட்டிருந்தார்கள். முதலில் எச்சிலை வழித்துக் கொட்ட வேண்டும். ஒன்றாம் வாளி சோப்பு, வெந்நீர். இரண்டாம் வாளி அலசல். மூன்றாம் வாளி குளோரின், 50 பிபிஎம். நாலு சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் கரைசல்) என்றால் 20 லிட்டருக்கு 50 மில்லி. தட்டு முழுக்க மூழ்கி ஒரு நிமிடம், பிறகு கவிழ்த்து உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் மூன்று வாளி வேலையும் வீண்.

அந்தத் துணி. எந்தக் கடையிலும் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிகிற ஒரே தணிக்கை அறிக்கை அது. மேசையைத் துடைத்து, அதையே தோளில் போட்டு, கல்லைத் துடைத்து, தட்டின் ஓரத்துக் குழம்பைத் துடைத்து, மறுபடி மேசைக்கு வருகிறதா? எப்போதும் ஈரமாக, சாம்பல் நிறத்தில், புளித்த வாடையோடு இருக்கிறதா? அப்படியென்றால் மேசையில் துடைத்து முடித்த இடம்தான் கடையிலேயே அழுக்கான இடம். மேசைக்கு ஒரு நிறம், அடுப்படிக்கு வேறு நிறம், இரண்டும் குளோரின் வாளியில் ஊறிக்கொண்டிருக்க வேண்டும். துணி நல்லா இருந்தால் உள்ளேயும் பெரும்பாலும் நல்லா இருக்கும். லண்டன்காரர் கேட்கும் மூன்றாவது கேள்விக்கு நம் ஊர்ப் பதில் இந்தத் துணி.

16 மே, காலை

நேற்றைய கணக்கு தப்பு. நாலு சதவீதம் என்றால் லிட்டருக்கு 40,000 மில்லிகிராம். 20 லிட்டரில் 50 பிபிஎம் வேண்டுமானால் 1,000 மில்லிகிராம், அதாவது 25 மில்லி. நான் எழுதிய 50 மில்லி போட்டால் 100 பிபிஎம் வரும். தட்டுக்கு அதனால் ஆபத்து இல்லை, வாடை தூக்கும். ஆனால் அதே கணக்கை வெங்காயம், கொத்தமல்லி கழுவ எடுத்துக்கொள்ளக் கூடாது. காய்க்கு 50தான், ஐந்து நிமிடம், பிறகு நல்ல தண்ணீரில் அலசல். பாட்டிலில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் 20 மில்லி. வெயிலில் வைத்த ஹைப்போ வீரியம் இழக்கும், நிழலில் மூடிவையுங்கள். சோப்பு வாளியில் ஹைப்போவை ஊற்றுகிறவர்களுக்கு: எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் குளோரினைத் தின்றுவிடும். வரிசை மாறக் கூடாது.

18 மே

அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ். பீச் ஸ்டேஷன் எதிர்ப்பக்கம் போகிறவர்கள் கேட்காமல் விடுவார்களா.

நூடுல்ஸ் வெந்தது, பேஜோ முட்டை வெந்தது, மொய்ங்கா சூப் சூடாக இருக்கிறது. கவலை, கையால் பிசையும் பச்சை முட்டைகோஸும் வெங்காயமும். புளித்தண்ணீரும் எலுமிச்சையும் கொஞ்சம் கைகொடுக்கும். உறை போட்டிருக்கிறாரே என்று மகிழ வேண்டாம். அந்த உறையோடு நூறு ரூபாய்க்குச் சில்லறை கொடுத்துவிட்டு மறுபடி பிசைந்தால், உறை இல்லாத கையைவிட மோசம். வெறும் கையாவது பிசுபிசுத்தால் கழுவத் தோன்றும். இரண்டு ஆள் இருக்கும் கடை, ஒருவர் காசு, ஒருவர் பிசைதல். அதைப் பார்த்து நில்லுங்கள்.

தட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் விரிப்பதை ‘சுத்தம்’ என்று ஒருவர் பாராட்டியிருந்தார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் அது தடை. கழுவத் தண்ணீர் இல்லாததை மறைக்கும் வேலை அது. வாழையிலை, பாக்குமட்டை, இரண்டும் இருக்கிறது. பஜ்ஜியைச் செய்தித்தாளில் கொடுப்பதும் சட்டப்படி கூடாது, அச்சு மை எண்ணெயில் கரையும்.

ஷவர்மா பற்றி ஒரே வரி: பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டு தடை போட்டிருந்தார்கள். முட்டை இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள்.

21 மே

காசிமேடு. இதை எழுதாமல் வடசென்னை இழை நிறைவாகாது.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம்: இவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போலப் படுத்தும் வேதிப்பொருள் ஏறும். வறுத்தாலும் குழம்பில் கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, காது சுட்டு, தலை வலித்து, தடிப்பு வரும். ‘எனக்கு மீன் ஒத்துக்காது’ என்று ஆயுசுக்கும் மீனை விட்டவர்களில் சிலருக்கு ஒத்துக்காமல் போனது ஐஸ் போடாத அந்த ஒரு மீன்தான். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். மீன் மேல் ஐஸ் தூவினால் போதாது. அடியில் ஐஸ், மேல் மீன், மறுபடி ஐஸ், உருகிய தண்ணீர் வடிய ஓட்டை.

ஐஸ் விஷயம் இன்னொன்று. மீன் போன்றவற்றைக் குளிர வைக்க மட்டுமே ஆன ஐஸில் நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று 2018 ஜூன் 1 முதல் விதி. இண்டிகோ கார்மைன் அல்லது பிரில்லியண்ட் புளூ, 10 பிபிஎம் வரை. குடிக்கிற ஐஸ் நிறமில்லாமல் இருக்கும். கரும்புச் சாறு, ரோஸ்மில்க் கடையில் கோணிப்பையில் வந்த பாளத்தை ஆணி வைத்து உடைத்தால், நிறம் எதுவானாலும் ‘ஐஸ் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். குடிக்கிற ஐஸ் கோணிப்பையில் வர வேண்டிய அவசியம் இல்லை.

வறுவல் கடையில் எண்ணெய்: மொத்த துருவச் சேர்மம் (திரும்பத் திரும்பக் காய்வதால் எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்) 25 சதவீதம் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது, 2018 ஜூலையிலிருந்து. மீட்டர் இல்லாமல் பார்க்க: மீன் போடாதபோதும் நுரை அடங்காமல் நின்றால், தீ குறைத்தும் புகைந்தால், கரண்டியில் பிசின் போல இழுத்தால் காலாவதி. பழைய எண்ணெயில் புதுசைச் சேர்த்து ‘புதுப்பிப்பது’ சட்னி பக்கெட் கதையேதான்.

22 மே

“வயிறு போச்சு, யார் மேல புகார் குடுக்கணும்?” (பெரம்பூர்)

முதலில் நேரத்தைக் கணக்கிடுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி முதலில் வந்தால் சோறு, கிரீம் வகை நஞ்சாக இருக்கலாம். காய்ச்சலோடு பேதி பன்னிரண்டு, இருபத்து நாலு மணி நேரம் கழித்து என்றால் நேற்று இரவுச் சாப்பாட்டைத் தேடுங்கள். சால்மொனெல்லா மூன்று நாள் கழித்தும் வரும்.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்ஆப்பில் புகார் அனுப்பலாம், எண் 94440 42322. கடைப் பெயர், தெரு, பில், சாப்பிட்ட நேரம், நோவு தொடங்கிய நேரம், கூடச் சாப்பிட்டவர்களில் எத்தனை பேருக்கு என்று எழுதுங்கள். ‘சரியான கேவலமான கடை’ என்று எழுதினால் அலுவலர் எதை வைத்துத் தொடங்குவார்? குறை உறுதியானால் உணவுப் பாதுகாப்பு, தரநிலைச் சட்டத்தின் 32ஆம் பிரிவில் திருத்த அறிவிப்பு, குறைந்தது 14 நாள் அவகாசம். சுகாதாரக் கேட்டுக்கு 56ஆம் பிரிவில் ஒரு லட்சம் வரை அபராதம்.

அதிகம் பேருக்குத் தெரியாதது 40ஆம் பிரிவு. வாங்குகிறவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே ‘சோதனைக்கு அனுப்பப் போகிறேன்’ என்று கடைக்காரரிடம் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. சொன்னதும் கிடைக்கும் மரியாதை தனி.

25 மே

திருவொற்றியூரில் டிபன் கடை வைத்திருப்பவர் கேட்கிறார்: “ஸ்மைலி எல்லாம் அப்புறம். கையில ரெண்டாயிரம் இருக்கு. மொதல்ல எதை வாங்க?”

குத்துகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று, சில நூறு ரூபாய். குளோரோஸ்கோப். இரண்டு நிறத்தில் துடைக்கும் துணி பத்து. மூடியுள்ள சின்னச் சட்னிப் பாத்திரம் நாலு. ஒரு நாற்பது பக்க நோட்டு, பேனாவைக் கயிற்றில் கட்டி: காலையும் மாலையும் ஃபிரிட்ஜ் டிகிரி, சட்னி அரைத்த நேரம், வாளியில் ஹைப்போ மாற்றிய நேரம். மிச்சம் வரும். தணிக்கைக்கு ஆள் வரும் நாளில் அந்த நோட்டு டைல்ஸைவிட அதிகம் பேசும். முன்தேதி போட்டு ஒரே மையில், ஒரே கையெழுத்தில் மொத்தமாக நிரப்பிய நோட்டும் பேசும், வேறு மாதிரி.

தெர்மாமீட்டர் வாங்கியதும் நம்பிவிடாதீர்கள். டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், இடுக்கு நிரம்ப மட்டும் தண்ணீர், கலக்கி இரண்டு நிமிடம் விட்டுக் குத்துங்கள், அடியைத் தொடக் கூடாது. 0 காட்ட வேண்டும். கொதிக்கிற தண்ணீரில் 100. நாம் கடல் ஓரத்தில் இருப்பதால் ஊட்டிக்காரர்கள் போல இதைத் திருத்த வேண்டியதில்லை. இரண்டிலும் 3 கூடுதலாகக் காட்டினால் தூக்கிப் போட வேண்டாம். உறையின் மேல் மார்க்கரால் ‘3 கழி’ என்று பெரிசாக எழுதி வையுங்கள், மாஸ்டர் மாறினாலும் தெரியும்படி.